சுத்தம் செய்ய எளிதான ஏர்பிரஷ்: மாடல் பெயிண்டிங் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவிதான் ஏர்பிரஷ். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எம்.எம். நாசில்?" என்றுதான், அதாவது பெயிண்ட் வெளியேறும் முனையின் துளை எவ்வளவு என்று. அடுத்து விலை. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த ஏர்பிரஷ் மேசையில் இருக்குமா பரணில் இருக்குமா என்பது, அதைக் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. 1/72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) விமான மாடல் ஒன்றுக்கு ஒரு கோட் அடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு ஸ்பேனரும் காதுக் குச்சியுமாக அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றால், கொஞ்ச நாளில் கை தானாகப் பழைய தூரிகைக்கே போய்விடும்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட், நாசிலுக்குள் நீண்டிருக்கும் ஊசியின் முனையிலேயே காய்ந்து உட்காரும். வேலைக்கு நடுவில் பல தடவை துடைக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காம்ப்ரசர் டேங்க்கில் தண்ணீர் சேரும். உப்புக்காற்றில் மட்டமான குரோம் பூச்சு உரிந்து, அடியிலுள்ள பித்தளை பச்சை பிடிக்கும். இங்கே வைத்துப் பயன்படுத்தும் ஏர்பிரஷ் அடிக்கடி கழற்றப்படும். கழற்றி மாட்டுவதைத் தாங்குகிறதா என்பதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

பெயிண்ட் எங்கே தங்குகிறது

மாடலுக்குப் பயன்படும் பெரும்பாலான ஏர்பிரஷ்களில் பெயிண்ட் போகும் பாதை ஒன்றுதான்: கப், கப்பின் அடியில் ஊசி கடந்து போகும் குழி, அதற்கு முன்னால் நாசில். பெயிண்ட் போகக் கூடாது, ஆனாலும் போய்விடும் என்ற இடமும் ஒன்று உண்டு: குழிக்குப் பின்னால் ஊசியைச் சுற்றி இருக்கும் பேக்கிங் (பெயிண்ட் பின்னால் கசியாமல் தடுக்கும் வளையம்). இந்த நான்கு இடங்களுக்கும் பிரஷ் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் தேர்வில் முக்கால் பங்கு முடிந்தது.

கப்பின் வாய் அகலமாக, அடி வளைவாக, உள்பக்கம் பாலீஷ் போட்டதாக இருக்க வேண்டும். விரலில் டிஷ்யூவைச் சுற்றி உள்ளே விட்டால் அடிவரை துடைக்க வருகிறதா என்று பாருங்கள். அடியில் படி மாதிரி ஒரு விளிம்பு இருந்தால் அந்த விளிம்பில்தான் வெள்ளையும் சிவப்பும் ஒளிந்துகொள்ளும். உடலோடு சேர்ந்த கப், திருகிக் கழற்றும் கப் இரண்டுமே நல்லதுதான். திருகுக் கப்பில் மரையில் பெயிண்ட் புகும். அதைத் துடைக்க வேண்டும். ஆனால் கப்பைக் கழற்றியதும் அடிக்குழி அப்படியே திறந்து கிடக்கும், பிரஷ் நேராக உள்ளே போகும். அந்த வசதிக்காக மரையைத் துடைக்கும் வேலையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கப்பின் அடிக்குழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கப் பளிச்சென்று இருக்கும், நாசிலும் சுத்தமாக இருக்கும். அடுத்த நிறத்தை ஊற்றியதும் பழைய நிறம் கலங்கலாக வரும். இரண்டுக்கும் நடுவே ஊசியைச் சுற்றியுள்ள இடத்தில் தங்கிய பெயிண்ட்தான் காரணம். ஊசியை எடுத்துவிட்டு பல் இடுக்கு பிரஷ்ஷை, மருந்துக்கடையில் கிடைக்கும் மிகச் சிறிய அளவில், அந்தக் குழிக்குள் விட்டு முன்பக்கம் எடுக்க முடிய வேண்டும்.

நாசில்தான் வாங்கும் முடிவையே மாற்றும். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு நெல்மணி அளவுகூட இல்லாத துண்டு. சின்ன ஸ்பேனரால் உடலுக்குள் திருக வேண்டும். இன்னொன்று, கொஞ்சம் பெரிய கூம்பு. சும்மா உள்ளே வைத்து அதன்மேல் மூடியைக் கையால் திருகினால் போதும், தானே நடுவில் உட்காரும். திருகு நாசிலில் வரும் விபத்து எப்போதும் ஒன்றுதான். காற்று கசிகிறது என்று கொஞ்சம் கூடுதலாக இறுக்குவார்கள். மரை அறுந்து பாதி உடலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுப்பது பெரும்பாடு. பல சமயம் புது ஏர்பிரஷ்தான் வழி. வைத்து மூடும் நாசிலில் இந்த விபத்துக்கு இடமே இல்லை. பட்ஜெட் கொஞ்சமாவது இடம் கொடுத்தால் இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுங்கள்.

பேக்கிங் ரப்பர் ஓ-ரிங்காக இருக்கலாம், டெஃப்லானாக இருக்கலாம். லேக்கர் தின்னர், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், அசிட்டோன் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப்போகும். ஊசி பிடிக்கும், டிரிக்கர் கனக்கும். பிறகு சுருங்கினால் பெயிண்ட் பின்னால் ஒழுகி டிரிக்கர் அறைக்குள் போய்க் காயும். டெஃப்லானுக்கு இந்தத் தொல்லை இல்லை. விளம்பரத்தில் "சால்வென்ட் தாங்கும்" என்று போட்டிருந்தால் பேக்கிங் மட்டுமா, மற்ற ஓ-ரிங்குகளும் சேர்த்தா என்று கேளுங்கள். பல ஏர்பிரஷ்களில் பேக்கிங் டெஃப்லானாக இருக்கும், காற்று வால்வில் ரப்பர் இருக்கும். அதனால் எந்த ஏர்பிரஷ்ஷையும் முழுசாகத் தின்னரில் ஊறப்போடக் கூடாது.

எந்த வகை, எந்த அளவு

மாடலுக்கு மேலே கப் வைத்த கிராவிட்டி வகையே சரி. பெயிண்ட் தன் எடையில் இறங்குவதால் 10 துளி இருந்தாலே அடிக்கலாம், குறைந்த அழுத்தமும் போதும், கழுவத் தின்னரும் கொஞ்சமாகவே செலவாகும். கீழே பாட்டில் மாட்டும் சைஃபன் வகையில் பாட்டில், மூடி, குழாய், உடலிலுள்ள துளை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரே நிறத்தை நிறைய அடிக்கிறவர்களுக்கு மட்டும் அது லாபம்.

டிரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என்ற டபுள் ஆக்‌ஷனை எடுங்கள். கழுவும்போதும் இது உதவும்: பெயிண்டை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஓடவிட்டு நாசிலை உலர்த்தலாம்.

நாசில் அளவில் ஆசைப்பட வேண்டாம். 0.2 எம்.எம். நாசிலில் சிறு மனித உருவங்களின் முகத்துக்கு நிழல் போடலாம், ஆனால் பெயிண்டில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் அடைக்கும். 0.3 முதல் 0.4 வரை பொது வேலைக்குப் பொருத்தம். 1/35 டாங்க், 1/72 விமானம், 1/24 கார் எல்லாம் இதிலேயே முடியும். பிரைமர் (அடிப்பூச்சு), மெட்டாலிக், வார்னிஷ் அதிகம் அடிப்பவர்கள் 0.5 வைத்துக்கொள்ளலாம். துளை பெரிதாக இருந்தால் அடைப்பும் குறைவு, சுத்தம் செய்வதும் சுலபம்.

கொலு பொம்மைகளுக்குப் புதுப்பூச்சு கொடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பண்ருட்டி, வண்டிப்பாளையம் மண் பொம்மைகளுக்கும் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் எமல்ஷன், போஸ்டர் கலர் மாதிரி பெயிண்டை அடிக்க நினைத்தால், அவற்றின் நிறமித் துகள் மாடல் பெயிண்டைவிடப் பருமன். 0.3 நாசிலுக்குள் அதை ஊற்றினால் பாதி நேரம் அடைப்பு எடுப்பதிலேயே போகும். 0.5 அல்லது அதற்கு மேல் எடுங்கள். பெயிண்டை பழைய நைலான் காலுறையில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கைப்பிடியின் நடுவில் வெட்டு விட்டிருந்தால் நல்லது. ஊசியைப் பிடிக்கும் நட்டைக் கைப்பிடியைக் கழற்றாமலே தளர்த்தி, ஊசியைச் சற்றுப் பின்னால் இழுத்து அடைப்பை ஊதித் தள்ளலாம். சின்ன வசதிதான், ஆனால் ஒரு நாளில் பல தடவை கைகொடுக்கும்.

சந்தையில் கிடைப்பவை

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீன ஏர்பிரஷ்களில் பெரும்பாலானவை 130 என்ற மாதிரியின் வடிவங்கள்தான். 0.2, 0.3, 0.5 நாசிலோடு வரும். அடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் திருகு நாசில், பெரும்பாலும் ரப்பர் பேக்கிங். பழகிக்கொள்ள, பிரைமர் அடிக்க, இது போதும். வாங்கினால் 0.3 நாசிலை மாட்டியே வையுங்கள். ஒவ்வொரு நாளும் கழற்றாதீர்கள்.

இவாட்டா நியோ சி.என். 0.35 நாசில் உள்ளது, தரமான வேலைப்பாடு, ஆனால் அதிலும் சின்னத் திருகு நாசில்தான். அதே நிறுவனத்தின் எக்ளிப்ஸ் ஹெச்.பி.-சி.எஸ். விலை கூடுதல்; நாசில் 0.35, வைத்து மூடும் வகை, பேக்கிங் டெஃப்லான், கப் சுமார் 9 மி.லி., அடி வளைவாக இருக்கும். ஒரே ஒரு ஏர்பிரஷ் வாங்கிப் பல வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான்.

ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன் வரிசையில் கழுவத் தேவையான அளவுக்குக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பிரிக்கலாம். கப் திருகிக் கழலும், நாசில் தானே நடுவில் உட்காரும். டூ-இன்-ஒன் செட்டில் இரண்டு அளவு நாசிலும், இரண்டு அளவு கப்பும் வரும். நிறம் மாற்றி மாற்றி அடிப்பவருக்கு இதைவிட வேகமாகக் கழுவக்கூடியது கிடைப்பது அரிது. நாசிலின் சீல் மட்டும் மிகச் சின்னது. கழற்றும்போது தவறவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியட் 105-இல் 0.5 நாசில் பெரிய கூம்பாக இருக்கும், ஸ்பேனர் வேண்டாம். முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஹோஸ் மரை மற்றவற்றிலிருந்து வேறு. வழக்கமான 1/8 அங்குல ஹோஸுக்கு அடாப்டர் சேர்த்து வாங்க வேண்டும். பாஷே ஹெச் என்பது பெயிண்டும் காற்றும் வெளியே கலக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் வகை (டிரிக்கரை அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து வரும்). பெயிண்ட் உடலுக்குள்ளேயே போகாததால் கழுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. நுண்ணிய கோடு வராது. பிரைமருக்கும் கொலு பொம்மைக்கும் அருமை.

எதை வாங்கினாலும் நாசில், ஊசி, பேக்கிங் மூன்றும் தனித்தனியாக விற்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். உதிரி கிடைக்காத ஏர்பிரஷ்ஷை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. ஊசியை எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் முனை சற்று வெளியே நீளும்படி வைத்து உருட்டுங்கள். முனை நடுங்கினால் வளைந்திருக்கிறது. செல்போன் கேமராவில் ஜூம் செய்து கொக்கி போல மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. நாசிலின் வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டம் சரியாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் உடனே திருப்புங்கள்.

3. தயாரிப்பின்போது தடவிய எண்ணெய் உள்ளே இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 2 மி.லி. ஊற்றி அடித்துத் தீருங்கள்.

4. கப்பில் தண்ணீர் ஊற்றி 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடியுங்கள். கப்பில் குமிழி வரக் கூடாது. டிரிக்கரை விட்டதும் காற்றும் தண்ணீரும் முழுசாக நிற்க வேண்டும்.

5. ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஊசி, மூடி, நாசில் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். முதல் தடவையே ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் அது உங்களுக்கு ஒத்துவரும்.

6. கடைசியாகக் கறுப்பு அக்ரிலிக்கை நன்றாக நீர்க்கக் கலந்து அடித்துவிட்டு, சுத்தமான தண்ணீரை 1 மி.லி. வீதம் ஊற்றி வெள்ளை டிஷ்யூவில் அடியுங்கள். மூன்றாவது தடவையில் டிஷ்யூ வெள்ளையாக இருக்க வேண்டும். நான்கு, ஐந்து என்று போயும் சாம்பல் நிறம் வந்தால் உள்ளே எங்கேயோ பெயிண்ட் தங்கும் மூலை இருக்கிறது என்று அர்த்தம். எந்த விளம்பரமும் சொல்லாத தகவலை இந்தச் சோதனை சொல்லிவிடும்.

பெயிண்டுக்கு ஏற்ற கழுவும் திரவம்

பெயிண்டுக்குப் பொருந்தாத திரவத்தை ஊற்றுவதால்தான் பாதி அடைப்புகள் வருகின்றன. வலெஹோ மாடல் ஏர் போன்ற, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு முதலில் தண்ணீர்தான். ஆல்கஹாலை நேராக ஊற்றினால் பெயிண்ட் திரிந்து பசைபோல் ஆகி நாசிலை மூடிவிடும். தண்ணீரில் ஓடவிட்டு நிறம் போன பிறகு, அந்தப் பெயிண்டுக்கான ஏர்பிரஷ் கிளீனரைக் கடைசியாக ஒருமுறை ஊற்றலாம்.

டமியாவின் எக்ஸ், எக்ஸ்.எஃப். வரிசையும் அக்ரிலிக்தான், ஆனால் ஆல்கஹாலில் கரையும். எக்ஸ்-20ஏ தின்னர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மிஸ்டர் கலர், டமியா எல்.பி. போன்ற லேக்கர்களுக்கு லேக்கர் தின்னர்தான் வேண்டும். ஹம்ப்ரால் எனாமலுக்கு எனாமல் தின்னர் அல்லது டர்பன்டைன்.

மாடல் பெயிண்ட் தின்னரைக் கழுவுவதற்குச் செலவழிப்பது வீண். என்.சி. தின்னர் புதுச்சேரி நேரு வீதி வட்டாரத்திலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் உள்ள பெயிண்ட், ஹார்டுவேர் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். லேக்கர் கழுவ அதுவே போதும். ஆனால் அதை பெயிண்டில் கலந்து மாடல்மேல் அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டதை வாங்குங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள்; எண்ணெயோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் பெயிண்டைக் கரைக்கும். கூடவே பித்தளையையும் அரிக்கும், ஊறவைக்கக் கூடாது.

தண்ணீர் என்று சொன்னது குழாய்த் தண்ணீர் அல்ல. கடலோரத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் மேசையில் இருக்கட்டும்.

வேலைக்கு நடுவில் நிறம் மாற்றும்போது

மொத்தம் இரண்டு நிமிட வேலை, 3 மி.லி. திரவம் போதும். மிச்சப் பெயிண்டைக் கொட்டிவிட்டு கப்பை டிஷ்யூவால் துடையுங்கள். கழுவும் திரவம் 1 மி.லி. ஊற்றி, பழைய மென்மையான தூரிகையால் கப்பின் அடியில் ஊசி நுழையும் இடத்தைச் சுற்றிச் சுரண்டுங்கள். மூடியுள்ள கிளீனிங் ஜாடிக்குள் அடித்து வெளியேற்றுங்கள்.

அடுத்தது பேக்ஃபிளஷ். அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.க்குக் குறையுங்கள். மறுபடி 1 மி.லி. ஊற்றி, முன்மூடியின் வாயை மடித்த துணியால் மூடி, டிரிக்கரை அழுத்தி மெதுவாக இழுங்கள். காற்று வெளியே போக வழியில்லாமல் நாசில் வழியாகப் பின்னால் வந்து கப்பில் குமிழியிடும்; தங்கிய பெயிண்ட் மேலே கிளம்பும். கப்புக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால் முழுதும் கண்ணில் தெறிக்கும். கலங்கியதைக் கொட்டிவிட்டு கடைசி 1 மி.லி. அடித்து டிஷ்யூவில் நிறம் வருகிறதா என்று பாருங்கள்.

நிறங்களின் வரிசையும் முக்கியம். வெள்ளை, மஞ்சள் முதலில், அடர் நிறங்கள் பிறகு, மெட்டாலிக் கடைசியில். மெட்டாலிக் துகள் குழியில் ஒட்டிக்கொண்டால் அடுத்த மூன்று நிறத்திலும் மினுங்கும். மெட்டாலிக் அடித்த நாளில் முழுசாகப் பிரித்தே கழுவ வேண்டும்.

அன்றைய வேலை முடிந்ததும்

1. மேலே சொன்னபடி நிறம் வராத அளவுக்கு ஓடவிடுங்கள். பெயிண்ட் உள்ளே இருக்கும்போதே ஊசியை இழுத்தால் பேக்கிங்குக்குள் பெயிண்டையும் இழுத்துப் போகும்.

2. கைப்பிடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, ஊசியை முதலில் ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்து வையுங்கள். நாசிலைக் கழற்றும் முன் இது கட்டாயம். ஊசி முனை நாசிலுக்குள் இருக்கும்போது கழற்றினால் இரண்டில் ஒன்று கெடும்.

3. முன்மூடியைக் கழற்றுங்கள். வைத்து மூடும் நாசிலென்றால் அதையும் எடுங்கள். திருகு நாசிலென்றால் அடைப்பு இல்லாத நாளில் தொடாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும்.

4. ஊசியை முழுசாக எடுத்து, தின்னர் நனைத்த துணியால் பின்பக்கத்திலிருந்து முனையை நோக்கி, சுழற்றியபடி துடையுங்கள். முனையிலிருந்து பின்னோக்கித் துடைத்தால் விரலும் குத்தும், முனையும் வளையும்.

5. பல் இடுக்கு பிரஷ்ஷை நனைத்து கப்பின் அடிக்குழியை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். பின்னால் பேக்கிங்வரை முரட்டுத்தனமாகக் குத்த வேண்டாம்.

6. நாசிலைத் தின்னரில் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். அதில் ரப்பர் சீல் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பல் குச்சியின் முனையைக் கத்தியால் ஊசிபோல் சீவி, நாசிலின் பின்பக்கம் வழியாக விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். குண்டூசி, கம்பி எதுவும் வேண்டாம். நாசிலின் வாய் ஒரு இழை விரிந்தாலும் கோடு ஒருபக்கமாகச் சாயும்.

7. முன்மூடியின் உள்பக்கத்தைக் காதுக் குச்சியால் துடையுங்கள். காய்ந்த பெயிண்ட் இங்கே இருந்தால் அடிக்கும்போது துளித்துளியாகத் தெறிக்கும்.

8. மாட்டும்போது நாசில் முதலில், ஊசி பிறகு. ஊசியை உள்ளே தள்ளி, தடை தெரிந்ததும் நிறுத்தி நட்டை இறுக்குங்கள். "நன்றாக உட்காரட்டும்" என்று அழுத்தினால் நாசில் பிளக்கும்.

9. ஊசியின் நடுப்பகுதியில் ஏர்பிரஷ் லூப் (மசகுத் திரவம்) ஒரு துளி தடவுங்கள். கிடைக்காவிட்டால் மருந்துக்கடை கிளிசரின். தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம். அந்த எண்ணெய்ப் படலம் பெயிண்டில் கலந்தால் பரப்பில் மீன்கண் போலக் குழி விழும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருப்பவர்கள் ஊசியை விட்டுவிட்டு, நாசில், முன்மூடி போன்ற உலோகத் துண்டுகளை மட்டும் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு மூன்று நிமிடம் ஓட்டலாம். அந்தத் தொட்டியில் தின்னரோ ஆல்கஹாலோ ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். மலிவான ஏர்பிரஷ்ஷின் குரோம் பூச்சு இதில் உரிந்து வரும்.

கழுவும்போதும் அடிக்கும்போது போலவே ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியை வடிகட்டும் டப்பா) உள்ள முகமூடி வேண்டும். மருத்துவமனை மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சமையல் அடுப்பு, சாமி விளக்கு எரியும் அறையில் தின்னரைத் திறக்காதீர்கள். பயன்படுத்திய தின்னரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வைத்தால் நிறமி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை முதல் கழுவலுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

காம்ப்ரசரும் கடல்காற்றும்

3 லிட்டர் டேங்க் உள்ள சிறிய பிஸ்டன் காம்ப்ரசர் போதும். இந்த வகை ஏறக்குறைய 4 பார் அழுத்தத்தில் தானே நின்று 3 பார் அழுத்தத்தில் மறுபடி ஓடும். டேங்க் இருந்தால் காற்று சீராக வரும். நீராவியின் ஒரு பகுதி டேங்க்கிலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். பேட்டரியில் ஓடும் கையடக்க காம்ப்ரசர் மாட்டிய ஏர்பிரஷ்கள் பார்க்க வசதி, ஆனால் பலவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை; அதனால் ஒழுங்காகக் கழுவவும் முடியாது.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரோடு வரும் ஈரப்பிடிப்பு (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் குடுவை) மழைக்காலத்தில் போதாது. ஏர்பிரஷ்ஷின் அடியில் மாட்டும் சின்ன ஈரப்பிடிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் டேங்க்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். பெயிண்ட் நடுவே திடீரென ஒரு துளித் தண்ணீர் தெறித்தால் பலர் ஏர்பிரஷ் சுத்தமில்லை என்று நினைத்துப் பிரித்துக் கழுவுகிறார்கள். கோளாறு டேங்க்கில் இருக்கும். ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். மழை விட்ட நாளில் காலை பத்து மணிக்குமேல் அடியுங்கள், தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேருங்கள்.

அழுத்தத்தை டிரிக்கரை அழுத்திக் காற்று ஓடும்போதுதான் செட் செய்ய வேண்டும். நின்ற நிலையில் 20 காட்டுவது, அடிக்கும்போது 15-க்கு இறங்கிவிடும். மாடலுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. பொதுவாகச் சரி.

கோளாறும் காரணமும்

கப்பில் குமிழி வருகிறது: நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிந்துவிட்டது. திருகு நாசிலின் மரையில் தேன்மெழுகு மெல்லிய பூச்சாகத் தடவிக் கையிறுக்கமாக மாட்டிப் பாருங்கள். வைத்து மூடும் நாசிலில் சீல் இடம் மாறியிருக்கும்.

வெயில் காலத்தில் பெயிண்ட் குறைந்துகொண்டே போய் நிற்கிறது: முனையில் அக்ரிலிக் காய்ந்திருக்கிறது. பிரித்துக் கழுவ வேண்டியதில்லை. நனைத்த தூரிகையால் முனையைத் துடையுங்கள், வேலையின்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். பெயிண்டில் ஃப்ளோ இம்ப்ரூவர் (பெயிண்ட் தடையில்லாமல் ஓட உதவும் திரவம்) ஒன்றிரண்டு துளி சேர்த்தால் இடைவெளி நீளும்.

டிரிக்கர் மெதுவாகத் திரும்புகிறது: பேக்கிங்கைத் தாண்டிப் பெயிண்ட் போய்விட்டது. ஊசியை எடுத்து, டிரிக்கர் அறையைத் துடைத்து, லூப் தடவுங்கள். மறுபடி வந்தால் பேக்கிங் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். அதன் பிறகும் வந்தால் பேக்கிங்கை மாற்றும் நேரம்.

டிரிக்கரை விட்ட பிறகும் பெயிண்ட் கசிகிறது: ஊசி முழுசாக உட்காரவில்லை, அல்லது நாசிலுக்குள் ஒரு துகள் இருக்கிறது. கோடு ஒருபக்கம் சாய்கிறது என்றால் ஊசி முனை வளைந்திருக்கிறது. 2000 நம்பர் எமரித்தாளில் மெல்ல உருட்டித் தேய்த்து ஓரளவு நிமிர்த்தலாம். நாசில் விரிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உதிரியாக நாசில் ஒன்று, ஊசி ஒன்று, பேக்கிங் ஒன்று, நாசில் சீல் இரண்டு, ஏர்பிரஷ்ஷோடு சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள். பிராண்டட் ஏர்பிரஷ்களின் பாகங்கள் உள்ளூரில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. நாசில் உடைந்த பிறகு ஆர்டர் செய்தால் பார்சல் வரும்வரை மாடல் பாதிப் பூச்சில் நிற்கும். புதிய நாசில் மாட்டும்போது புதிய ஊசியையும் சேர்த்து மாட்டுங்கள். பழைய வளைந்த முனை புதிய நாசிலையும் விரித்துவிடும்.